அப்பாவின் காருக்கு அக்கா கலந்த நிறம்

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்கா பட்டுப் புடவையில் இருக்கிறார். அவருடைய மகள் ரேவதி தேர்ந்தெடுத்த படம் அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கடந்த சில ஆண்டுகளில் அவர் வீட்டுக்கு வந்துபோன உறவுகளுக்குத் தெரியும், அக்கா அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார். வாசலில் கார் நிறுத்தும் இடத்தில், காலை நீட்டிக்கொண்டு, பழைய தொழிற்சாலைச் சட்டையும் ரப்பர் கையுறையுமாக, யாருடைய காரிலிருந்தோ கழற்றி வந்த பிளாஸ்டிக் பாகத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார். கேட் திறக்கும் சத்தம் கேட்டால் தலையைத் தூக்காமலே, “செருப்ப அங்கயே விடு, தூசி கெளப்பாத” என்பார். வரவேற்பு அவ்வளவுதான். ஓராண்டாக அந்தக் கேட்டைத் திறந்துகொண்டு நான் உள்ளே போகிறேன். தூசி கிளப்பிக்கொண்டுதான் போகிறேன். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

அக்கா பிறந்தது சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். அம்மா பாலெடுக்க மரம் சீவினார். எனக்கும் அக்காவுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். நடுவில் பிறந்த இரண்டு பேர் தங்கவில்லை. ஆகவே நான் பிறந்தபோது அக்காவுக்குத் தம்பி கிடைத்தான் என்று சொல்வதைவிட வேலை கிடைத்தது என்று சொல்வதே சரி. அம்மா விடியுமுன் மரம் சீவப் போய்விடுவார். என்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பிள்ளைக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் அக்கா பள்ளிக்கூடம் போவார். “உன்னத் தூக்கித் தூக்கியே என் இடுப்பு ஒரு பக்கம் சாஞ்சு போச்சு” என்று என் கல்யாணத்து அன்றுகூடப் பெண் வீட்டார் காதுபடச் சொன்னவர் அவர்.

பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு செனாய் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தொழிற்சாலை பஸ் தோட்டத்துச் சந்திக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். முதல் வருடம் பெட்டியில் சாமான் அடுக்கினார். ஒருநாள், அடுக்கிய மூடிகளில் ஒரு பெட்டி மட்டும் “கலர் கொஞ்சம் பச்சையடிக்குது” என்று தனியாக எடுத்து வைத்துவிட்டார். மேற்பார்வையாளர் பார்த்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. திட்டியபடியே கருவியில் வைத்துச் சோதித்தார். பச்சைதான். மறு வாரம் அக்காவை வண்ணப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேதான் முப்பத்தைந்து வருடம்.

அந்தப் பிரிவில் வேலை இதுதான்: நிறமில்லாத பிளாஸ்டிக் மணிகளோடு சாயத்தூளைக் கலந்து, சின்னத் தகடாக வார்த்து, கொடுத்த மாதிரியோடு ஒட்டிவைத்துப் பார்ப்பது. சேர்ந்தால் சரி, சேராவிட்டால் மறுபடி கலக்க வேண்டும். அங்கே ஒரு விதி இருந்தது. அக்கா அதை எங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. நிறத்தைக் கலந்தவரே அது சரி என்று தேற்றக் கூடாது. இன்னொருவர் வந்து பார்த்துத்தான் தேற்ற வேண்டும். ஒரே நிறத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் அதற்குப் பழகிப்போய், தப்பாக இருந்தாலும் சரி என்றுதான் காட்டும் என்பார். எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் இரண்டாவது ஆளைக் கூப்பிடாமல் அக்கா ஒரு தகட்டையும் வெளியே அனுப்பியதில்லை.

இந்தக் கண்ணோடு குடும்பத்தில் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. துணிக்கடையில் சிவப்புப் புடவை என்று கேட்டால் போதாது. எந்தச் சிவப்பு என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரருக்கு வியர்த்துவிடும். என் மனைவி மல்லிகா வைத்த மீன் குழம்பை வாயில் வைக்காமலே “புளி கம்மி” என்பார். குழம்பின் நிறத்தைப் பார்த்தே சொல்கிறாராம். மல்லிகா ருசி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏனென்றால் புளி கம்மியாகத்தான் இருக்கும்.

அப்பா தோட்டத்து வேலையை விட்டு கூலாயில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு எங்களைக் கூட்டிவந்தபோது, ஒரு பழைய ஜப்பான் காரும் வாங்கினார். வெளியே வெள்ளை, உள்ளே முழுக்க, லேசாக மஞ்சள் ஓடிய சாம்பல் நிறம். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் லாரியை ஓட்டிய மனிதர் அப்பா. சொந்தக் கார் வந்த முதல் நாள், டேஷ்போர்டின் நடுவில் சின்னப் பிள்ளையாரை ஒட்டிவிட்டு, எங்களை ஏற்றிக்கொண்டு செடெனாக் வரைக்கும் போய்த் திரும்பினார். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. போகும்போதும் வரும்போதும் அவர் உதடு சிரித்தபடியே இருந்தது. அக்கா கார் ஓட்டப் பழகியது அதில்தான். அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாணம் முடிந்து கோவிலிலிருந்து மண்டபத்துக்குப் போனதும் அதில்தான்.

கஷ்ட காலம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ரேவதி நடக்கப் பழகும் முன்பே அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். இரண்டு வருடத்தில் அப்பாவும் போனார். அம்மா அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. கைக்குழந்தை, படுத்துவிட்ட அம்மா, படிக்கிற தம்பி என்று மூன்று பேரையும் அக்கா தொழிற்சாலைச் சம்பளத்தில் சுமந்தார். ஓவர்டைம் இருக்கிறது என்றால் முதலில் கை தூக்குவது அவர்தான். நான் இன்று ஒரு நல்ல வேலையில் இருந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறேன் என்றால் அதற்கு அக்கா காரணம். இதை அவர் இருக்கும்போது நான் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தால் “போடா, வேலையப் பாரு” என்றிருப்பார். இருந்தாலும் சொல்லியிருக்க வேண்டும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அக்கா சும்மா இருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். இரண்டு மாதம் இருந்தார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய காரில் கதவுக் கைப்பிடிப் பாகம் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்தமாதிரி இருப்பதைப் பார்த்து, “கழட்டிக் கொடுங்க, நான் பாக்கறேன்” என்று வாங்கிவந்தார். திருப்பிக் கொடுத்தபோது அந்த மனிதருக்கு எது பழையது, எது அக்கா செய்தது என்று தெரியவில்லை. பழைய கார்களை வைத்துச் சீராட்டுகிறவர்கள் நம்மூரில் எத்தனை பேர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கூலாயிலிருந்து வந்தார்கள், செடெனாக்கிலிருந்து வந்தார்கள், சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஒரு மலாய்க்கார ஆசிரியர் பின் இருக்கை முழுக்கப் பாகங்களோடு வந்தார். இஞ்சினுக்கு மெக்கானிக் கிடைப்பார், வெளிப்புறத்துக்கு பெயிண்ட் கடை இருக்கிறது. நாற்பது வருட வெயில் தின்ற டேஷ்போர்டை அதன் பழைய நிறத்துக்கே கொண்டுவர ஆள் கிடைப்பதில்லை.

அக்கா வேலை செய்யும் விதத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கழற்றிய திருகாணிகளை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, எந்த இடத்தினது என்று எழுதி வைப்பார். பாகத்தை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் பட்டும் படாமலும் தேய்ப்பார். பிளாஸ்டிக்கில் வண்ணம் பிடிப்பதற்கென்று ஒரு தெளிந்த திரவம். அது காய்ந்த பிறகுதான் நிறம். ஒரே தடவையில் அப்பிவிடக் கூடாது. பனி படிவது போல மெல்லிசாக ஐந்தாறு தடவை. மழை வரும்போல இருந்தால் தொடவே மாட்டார், ஈரக் காற்றில் வண்ணம் வெளுத்துவிடும். நிறம் சரியா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்க்க மாட்டார். காலை பத்து மணி வெயிலில் வாசலுக்கு எடுத்து வந்து, பழைய பாகத்தோடு ஒட்டிவைத்து, என்னைக் கூப்பிடுவார்.

“தம்பி, இங்க வா. எப்படி இருக்கு?”

தொழிற்சாலை விதி வீட்டுக்கும் வந்துவிட்டது. அந்த இரண்டாவது ஆள் நான். ஒரே தாமானில் இரண்டு வரிசை தள்ளித்தான் எங்கள் வீடு. கூப்பிட்டால் போய் நின்று பார்ப்பேன், “சரியா இருக்குக்கா” என்பேன். அது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். ஆகவே நாளடைவில் நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி “சரியா இருக்குக்கா” என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

அப்பாவின் கார் என்னிடம்தான் இருந்தது. ஊரார் காரையெல்லாம் செய்கிற அக்கா அதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். “உன் வண்டி எங்கடா ஓடிடப்போவுது?” என்பார். உண்மையில் அவருக்குப் பயம் என்று நினைக்கிறேன். அதில் தப்பு வரக் கூடாது என்ற பயம். கடைசியில் ஒரு தைப் பொங்கல் கழித்து, கதவுப் பலகைகள் நான்கையும் கழற்றினார். அச்சு அசலாக வந்தன. மல்லிகா கதவைத் திறந்து உள்ளே தடவிப் பார்த்துவிட்டு, அப்பாவை நினைத்து, “மாமா இப்பத்தான் எறங்கிப் போன மாதிரி இருக்குக்கா” என்றாள். அக்கா கையுறையைக் கழற்றாமலே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது டேஷ்போர்டு. அங்கேதான் என் வண்டவாளம் வெளியே வந்தது. முதல் தடவை வண்ணம் அடித்ததுமே அது மேலெல்லாம் குழி குழியாக விலகி நின்றது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் குழி. மூன்றாவது தடவை அக்கா விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

“தம்பி, இதுல என்னடா தேச்ச?”

“ஒண்ணும் தேய்க்கலையே.”

“தேங்காண்ணெய் வாடை வருது.”

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வருடா வருடம் ஆயுத பூசைக்குக் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி எல்லாம் செய்வோமே, அதற்கு முன்னால் டேஷ்போர்டு பளபளக்க வேண்டும் என்று தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்ப்பது என் வழக்கம். சாமி காரியத்துக்கு வண்டி மங்கலாக நிற்கலாமா? இருபது வருடத்துக்கு மேல் தேய்த்திருக்கிறேன். அத்தனையும் பிளாஸ்டிக்கின் வெடிப்புகளுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது.

“அலமாக்!” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “டேஷ்போர்டுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டியிருக்கான் பாரு. சீயக்காயும் போட வேண்டியதுதானே?”

அந்த எண்ணெயை எடுக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆனது. கழுவி வெயிலில் வைப்பார். சூட்டில் எண்ணெய் கசிந்து மேலே வரும். துடைத்துவிட்டு மறுபடி கழுவுவார். இடையில் மற்றவர்கள் வேலை வேறு. அப்பா ஒட்டிய பிள்ளையாரை எடுத்தபோது, அடியில் ஒரு வட்டம் மட்டும் வெயிலும் படாமல் என் எண்ணெயும் படாமல், கார் வாங்கிய அன்று இருந்த நிறத்திலேயே இருந்தது. அக்கா அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுதான்டா அப்பா பாத்த கலரு. இதத் தொடக் கூடாது” என்று வட்டத்துக்கு மட்டும் டேப் ஒட்டி மறைத்து, சுற்றிலும் வண்ணம் அடிப்பதென்று முடிவு செய்தார்.

கதவுகள் முடிந்து ஒன்றரை வருடம் கழித்து டேஷ்போர்டும் முடிந்தது. காரில் பொருத்தி, டேப்பை உரித்துவிட்டு, வெயிலில் என்னைக் கூப்பிட்டார்.

“எப்படி இருக்கு?”

அப்பாவின் கார் என்பதால் அன்று உண்மையாகவே பார்த்தேன். டேஷ்போர்டு நீலமாக இருந்தது. முழு நீலம் இல்லை, மழைக்கு முன்னால் வானம் கறுக்குமே அந்தச் சாம்பல். கதவுகளின் மஞ்சள் ஓடிய சாம்பலுக்குப் பக்கத்தில் அது வேறு காரிலிருந்து கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது. நடுவில் அப்பா பார்த்த நிறம் வட்டமாக, பளிச்சென்று தெரிந்தது. அக்கா அந்த வட்டத்தை நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவில்லை.

முப்பத்தைந்து வருடம் அந்தக் கண்ணை வைத்துப் பிழைத்தவர். அந்தக் கண்ணை வைத்து எங்களைப் பிழைக்க வைத்தவர். அவரிடம் போய் உனக்கு நிறம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

“சரியா இருக்குக்கா” என்றேன்.

“நல்லாப் பாத்தியா?”

“பாத்துட்டேன். சூப்பரா இருக்கு.”

சொல்லிவிட்டு, கையோடு பிள்ளையாரை எடுத்து அந்த வட்டத்தின் மேல் ஒட்டினேன். செய்த புண்ணியத்துக்கு அவரையும் கூட்டாளியாக்கிக்கொண்டேன்.

மல்லிகா அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டாள். வார இறுதியில் ரேவதியும் கண்டாள். அவள் தினமும் விடியுமுன் கிளம்பிப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். வீட்டில் இருப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். என்னைத் தனியே கூப்பிட்டு, “மாமா, அம்மாகிட்ட யாராச்சும் சொல்லணும்ல?” என்றாள். “சொல்லி என்ன ஆவப்போவுது? மனசு உடைஞ்சு போயிடும். விடும்மா” என்றேன். பெரியவன் சொல்கிறேன் என்று அவளும் விட்டுவிட்டாள். இந்தப் பேச்சை நான் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

அதோடு நின்றதா? இல்லை. மற்றவர்களின் பாகங்களும் நீலமாகத்தான் போயின. சிம்பாங் ரெங்கத்து ஆசிரியர் மரியாதை தெரிந்த மனிதர். அக்காவிடம் சொல்லாமல் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் போய் வாங்கிவந்து, டவுனில் ஆ செங் என்பவரின் பெயிண்ட் கடையில் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பீரு லா பாஸ், பானியாக் பீரு” என்றார். நீலம், ரொம்பவே நீலம் என்று. அவர் சரி செய்து கொடுத்ததை ஆசிரியரிடம் அக்கா செய்ததென்றே திருப்பிக் கொடுத்தேன். இப்படி ஏழெட்டுப் பாகங்கள். அக்கா வாசலில் ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டுக் கேட்டார், “எப்படி இருக்கு?” ஒவ்வொன்றுக்கும் நான் ஒரே பதிலைச் சொன்னேன். முன்பெல்லாம் ஒரு தடவை கேட்பவர், இப்போது இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டார். வயதாகிவிட்டது, கேட்டதை மறந்துவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் விஷயம் உடைந்தது. இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது என்றார்கள். முதலில் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை. மாதிரியையும் கலவையையும் ஒரே கண்ணால்தானே பார்த்தார், பிறகு எப்படித் தவறியது என்று மருத்துவரிடம் கேட்டேன். புரை விழுந்த கண் மஞ்சள் கண்ணாடி போட்டதுபோல. அதற்கு நீலம் சரியாகத் தெரியாது, கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் பிடிபடாது என்றார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அக்கா விட்டுக்கொண்டே போயிருக்கிறார்.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை அக்கா எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். காரைத் திறந்து முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். மற்றக் கண்ணைப் பொத்திப் பார்த்தார். பிறகு பிள்ளையாரைப் பெயர்த்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“எப்பத் தெரியும் ஒனக்கு?”

“அக்கா...”

“எப்பத் தெரியும்னு கேட்டேன்.”

“அன்னிக்கே தெரியும்.”

அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். “எனக்கே சந்தேகமாத்தான்டா இருந்துச்சு. என் கண்ண நம்பாமத்தான ஒன்னக் கூப்ட்டுக் கூப்ட்டுக் கேட்டேன். ஒரு வருஷமா கேட்டேன். நீ சொல்லுவன்னு நெனச்சேன்.”

“ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னு...”

“வேற யாருகிட்ட கேப்பேன் நான்?”

அவர் மறந்துபோய்க் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டிருக்கிறார். அவர் நம்பி நிறுத்திய இடத்தில் நான் நிற்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வருடத்துக்கு முன்பே கண் மருத்துவரிடம் போயிருப்பார். அந்த ஒரு வருடம் எவ்வளவு பெரியது என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

பதினோரு நாள் அக்கா என்னோடு பேசவில்லை. அந்தப் பதினோரு நாளில் அவர் என்ன செய்தார் என்பதைப் பின்னால் ரேவதி சொல்லித் தெரிந்துகொண்டேன். பாகம் கொடுத்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, என் கண் சரியில்லாமல் இருந்தது, மன்னிக்க வேண்டும், கொண்டுவாருங்கள், மறுபடி செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் ஆ செங்கிடம் கொடுத்து மறைத்துச் செய்த வேலை முழுவதும் அப்போது வெளியாகிவிட்டது. அதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, “தம்பி, இங்க வா” என்று தொலைபேசியில் கூப்பிட்டார். ஓடினேன். வாசலில், மல்லிகாவிடம் சொல்லிக் கழற்றிவந்த அப்பாவின் காருடைய குளோவ் பாக்ஸ் மூடியைக் கையில் வைத்திருந்தார். நீலத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்திருந்தார். பக்கத்தில் அதே காரின் ஒரு கதவுப் பலகை.

“எப்படி இருக்கு?”

இப்போது அவருக்கு என் கண் தேவையில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் கேட்டார். நான் மூடியை வாங்கி வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம் பார்த்திருப்பேன்.

“லேசா பச்சையடிக்குதுக்கா” என்றேன்.

அக்கா மூடியை வாங்கிப் பார்த்தார். கதவுப் பலகையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். எனக்கு அக்காவின் சிரிப்பு என்றால் இன்று வரைக்கும் அந்தக் காலைதான். “தெரியுதா? கொஞ்சம் அடிக்குதுதான். உள்ள போய் சிவப்பு பாட்டில எடுத்தா” என்றார். ஒரு சொட்டுக்கும் குறைவாக விட்டுக் கலந்தார். மறுநாள் மூடி தேறியது. நான்தான் தேற்றினேன். மனதறிந்து தேற்றினேன்.

டேஷ்போர்டை அடுத்த வாரம் கழற்றலாம், அதற்குள் இடது கண்ணையும் பார்த்துவிடலாம் என்றார். அந்த அடுத்த வாரம் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், மூச்சு அடைக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். மல்லிகாதான் அருகில் இருந்தாள். நான் காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவசரத்தில் கைக்கு வந்தது அப்பாவின் கார்ச் சாவிதான். போகும் வழியில் அக்கா என் தோளைத் தட்டி “மெதுவாப் போ” என்றார். அதுதான் என்னிடம் கடைசியாகச் சொன்னது. மருத்துவமனையில் அன்று பிற்பகல் இதயம் நின்றது. அறுபத்து நான்கு வயது.

அக்காவின் கடைசிக் காரியங்களில் தோள் கொடுத்த தாமான் மக்களுக்கும், சிம்பாங் ரெங்கத்திலிருந்தும் செடெனாக்கிலிருந்தும் பழைய கார்களில் வரிசையாக வந்து எங்கள் தெருவையே நிறைத்த அன்பர்களுக்கும், முதல் நாள் முதல் பதினாறாம் நாள் வரை சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்ட கோவில் மாதர் பிரிவினருக்கும், எங்கள் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன். கடையை மூடிவிட்டு வந்து நாள் முழுதும் வாசலில் நின்ற ஆ செங்குக்கும் நன்றி. அக்கா மன்னிப்புக் கேட்டபோதும், ஆ செங் கைக்குப் போகாத தன் மற்றப் பாகங்களைத் திருப்பிக் கொண்டுவராமல், “அக்கா செஞ்சது அப்படியே இருக்கட்டும்” என்று சொன்ன ஆசிரியருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. ரேவதிக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அன்று நீ கேட்டதுதான் சரிம்மா.

டேஷ்போர்டை ஆ செங்கிடம் கொடுத்துக் கதவுக்கு ஏற்ற நிறத்தில் மாற்றிவிடலாமே என்று சிலர் அக்கறையோடு சொல்கிறார்கள். ஓராண்டாக அதற்குக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்குக் காரை வெயிலில் எடுத்து நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து உட்கார்கிறேன். நன்றாகப் பார்க்கிறேன். இப்போது எனக்கு நிறம் தெரிகிறது. ஒருவரும் என்னைக் கேட்பதில்லை.

சரியில்லக்கா. நீலமா இருக்கு. ஒரு தடவ வந்து பாரு.